ரொட்டி வேகும், பூட்ஸ் இளகும்

சென்னைக் கடற்கரைச் சாலையில், வானொலி நிலையத்திலிருந்து தெற்கு நோக்கி நடப்பவர், சாந்தோம் தேவாலயத்தின் வெண்கோபுரத்தைக் கடந்து சிறிது நேரத்தில் பட்டினப்பாக்கத்தை அடைவர். கிழக்கே மீன்பிடி படகுகளும் வலை உலர்த்தும் மணலும். தெற்கே அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழிறங்காத இடம் இது. இங்கே நின்றுகொண்டு பனிக்கட்டியின்மேல் சறுக்கி விளையாடும் மிதியடியைப் பற்றியும், அதை ரொட்டி சுடும் அடுப்பில் வைத்துப் பதப்படுத்தும் முறையைப் பற்றியும் பேசப் புகுந்தால், மாணவ நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் இந்தக் கடற்கரைக்கும் பனிக்கட்டிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு.

அதே சாலையில் வடக்கே சென்றால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம் தோன்றும். 1842ஆம் ஆண்டில் அது எழுந்தபோது அதன் பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த பிரடெரிக் டூடர் என்ற வணிகர், தம் நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த நீரைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து, ஏறத்தாழ நான்கு மாதக் கப்பற்பயணத்தில் இங்கே கொண்டுவந்து சேமித்து விற்றார். பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்தபின் அந்த வாணிகம் மடிந்தது. எந்த ஏரிகளின்மீது அந்நாட்டு இளைஞர் இரும்பு அலகு பொருத்திய பூட்ஸ் அணிந்து சறுக்கி விளையாடினரோ, அத்தகைய ஏரிகளின் பனிக்கட்டியே திருவல்லிக்கேணிக் கரையில் வந்து இறங்கியது. பனிக்கட்டி வந்தது, சறுக்கும் பூட்ஸ் வரவில்லை.

அது பின்னர் வேறு உருவில் வந்தது. அலகுக்குப் பதிலாக ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்திய சறுக்கு பூட்ஸ்களை அணிந்து சென்னைச் சிறுவர் சிறுமியர் பலர் இன்று பயிற்சி பெறுகின்றனர். 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், 3000 மீட்டர் தொடர் சறுக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். 2025இல் உலக விரைவுச் சறுக்குப் போட்டியில் 1000 மீட்டர் ஓட்டத்தில் அவர் தங்கமும் வென்றார். இயற்கையாக உறைந்த பனிக்கட்டிமேல் சறுக்க வேண்டுமானால் நம் நாட்டில் சிம்லா, லடாக் போன்ற இடங்களுக்குப் போகவேண்டும். சிம்லாவில் 1920 முதல் இயற்கையாக உறையும் திடல் ஒன்று இருந்து வருகிறது. ஆனால் அலகாயினும் சக்கரமாயினும், மேலே உள்ள பூட்ஸின் இலக்கணம் ஒன்றே. அது பாதத்தோடு ஒட்டி, பாதத்தின் ஒரு பகுதியே போல் இயங்க வேண்டும்.

ஒட்டவில்லையானால் வரும் துன்பம் சிறிதன்று. நம் கணுக்காலின் இருபுறமும் எலும்பு புடைத்திருக்கிறது. இருவர் புடைப்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவருடைய இடக்காலும் வலக்காலுமே ஒத்திருப்பதில்லை. தொழிற்சாலையில் செய்த பூட்ஸ் சராசரிக் காலுக்குச் செய்தது. சராசரிக் கால் உடையவர் எவரும் உலகில் இலர். முற்காலத்தில் கெட்டித் தோல் பூட்ஸை வாரக்கணக்கில் அணிந்து, கொப்புளம் கண்டு, புண் ஆறி, மீண்டும் அணிந்து, தோலைக் காலுக்குப் பணிய வைத்தனர். இன்று அதையே பத்து நிமிடத்தில் செய்துவிடும் கருவி, பலர் வீட்டுச் சமையலறை மேடையில் இருக்கும் சிறிய மின்சார ஓவன்தான்.

ஓவன் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அவன்’ என்று எழுதினால் ஆண்பாற் சுட்டாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்துத் தமிழர் ரொட்டி சுடும் அடுப்பைப் ‘போறணை’ என்பர். போர்த்துக்கேசியரிடமிருந்து வந்த சொல் அது. அழகிய சொல்லாயினும் இங்கு வழக்கில் இல்லாமையால், ஓவன் என்றே கூறுகிறேன்.

நம் சமையலில் ஓவனுக்கு இடமில்லாமற் போனது ஏன் என்று எண்ணியதுண்டா? நாம் வெப்பத்தை நீராவியாலும், எண்ணெயாலும், காய்ந்த கல்லாலும் உணவுக்கு ஊட்டினோம். ஓவனோ காற்றைக் கொண்டு ஊட்டுகிறது. இவற்றின் வேறுபாட்டை அறிய ஒரு கேள்வி போதும். 200 டிகிரிச் சூட்டில் இருக்கும் ஓவனுக்குள் கையை நீட்டித் தட்டைத் துணியால் பற்றி எடுக்கிறோம், கை வேகவில்லை. 100 டிகிரியில் இருக்கும் இட்லிப் பானையின் ஆவியில் கை பட்டால் கொப்பளித்துவிடுகிறது. சூடு குறைந்தது எப்படிச் சுடுவதில் மிஞ்சியது? நீராவி கையில் பட்டதும் நீராக மாறுகிறது. அப்படி மாறும்போது ஒவ்வொரு கிராமும் தன்னுள் ஒளித்து வைத்திருந்த ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை நம் தோலில் இறக்கிவிடுகிறது. காற்றிடம் அத்தகைய புதையல் இல்லை. உலர்ந்த காற்று வெப்பத்தைத் தயங்கித் தயங்கித்தான் கொடுக்கும். இட்லி பத்து நிமிடத்தில் வெந்துவிட, ரொட்டிக்கு அரைமணியும் அதற்கு மேலும் தேவைப்படுவது இதனால்தான். வெப்ப அளவும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்று பாடநூல் கூறுவதன் பொருளும் இதுவே.

அந்தத் தயக்கமே ஓவனின் சிறப்பும் ஆகும். மாவின் உள்ளே வெப்பம் மெல்ல மெல்ல ஏறுகிறது. 55, 60 டிகிரி அளவில் ஈஸ்ட் உயிர் துறக்கிறது. அதற்குள் அது வெளியிட்ட வாயு விரிந்து மாவை உப்பச் செய்துவிடும். அதே கட்டத்தில் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உண்டு வீங்கத் தொடங்குகின்றன. 70 டிகிரியைக் கடக்கும்போது கோதுமைப் புரதமும், கேக்கானால் முட்டைப் புரதமும் இறுகி, உப்பிய உருவத்தை அப்படியே நிலைநிறுத்திவிடுகின்றன. ரொட்டியின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. நீர் உள்ளவரையில் தாண்ட இயலாது. உலர்ந்துவிட்ட மேற்பரப்பு மட்டும் 140 டிகிரிக்கு மேல் ஏறி, சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து செந்நிறமும் நறுமணமும் பெறுகிறது. ஓவனை 180 டிகிரியில் வைக்கும்படி சமையற் புத்தகங்கள் கூறுவது இந்த மேற்பரப்பை உத்தேசித்தே.

இனி பூட்ஸுக்கு வருவோம். அதற்கு வேண்டியது 180 டிகிரி அன்று. பெரும்பாலும் 80 டிகிரியைச் சுற்றிய சூடுதான். செய்தவர்கள் தரும் குறிப்புக்கு ஏற்பச் சற்றே ஏறி இறங்கும். ஓவனை முன்கூட்டியே சூடாக்கி, பூட்ஸின் நாடாவைத் தளர்த்தி, சில நிமிடங்கள் உள்ளே வைத்து எடுக்கின்றனர். கெட்டியாக இருந்த பூட்ஸ் சற்றே துவண்டிருக்கும். உடனே காலுறையோடு பாதத்தை நுழைத்து, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, நாடாவை இறுக்கி, எழுந்து நடமாடாமல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறியதும் அந்தப் பாதத்தின் அச்சு அதில் நிலைத்துவிடும்.

ரொட்டியும் பூட்ஸும் ஒரே அடுப்பில் வைக்கப்பட்டாலும், அவற்றுள் நிகழ்வன நேர் எதிரானவை. ரொட்டி சூட்டில் இறுகுகிறது. பூட்ஸ் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகுகிறது. சுட்ட ரொட்டியை மீண்டும் மாவாக்க எந்த வல்லவராலும் ஆகாது. ஆறிய பூட்ஸையோ மறுபடி சூடாக்கி மறுபடி அச்சு எடுக்கலாம். வெல்லப்பாகை எண்ணிப் பாருங்கள்: சூட்டில் உருட்டியபடி உருளும், ஆறினால் பல்லுக்கும் அசையாது, அடுப்பில் வைத்தால் மறுபடி இளகும். பிளாஸ்டிக்குகளிலும் இவ்விரு சாதி உண்டு. 1907இல் பேக்லண்ட் என்பவர் கண்டுபிடித்த பேக்கலைட், ரொட்டியின் சாதி. ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். பழைய மின்விசைப் பொத்தான்களும் வானொலிப் பெட்டிகளின் கூடுகளும் அதனால் ஆனவை. சறுக்கு பூட்ஸின் உள்ளே குதிகாலையும் கணுக்காலையும் தாங்கும் தகடுகளும் நுரைத் திண்டுகளும் வெல்லப்பாகின் சாதி. அவற்றின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். குறிப்பிட்ட சூட்டில் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரத் தொடங்கும். ஆறினால் நின்ற இடத்தில் நின்றுவிடும். முன்னதை வெப்ப இறுகு பிளாஸ்டிக் என்றும், பின்னதை வெப்ப இளகு பிளாஸ்டிக் என்றும் நம் பாடநூல்கள் பெயரிட்டுள்ளன.

எனில், தோலால் ஆன பூட்ஸை அடுப்பில் வைக்கலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வெளியூர் செல்லவேண்டியதில்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து அடையாற்றைக் கடந்து மேற்கே சென்றால், 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கு அண்மையிலேயே கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வளாகம். தோலின் உயிர்ப்பொருளாகிய கொலாஜன் என்ற புரதம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்ற புதிரை விடுவித்தவர் அப்பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரன். அவரும் கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வால் தசைநாரிலிருந்து பெற்ற கொலாஜனின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி எடுத்த படங்களை ஆராய்ந்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்குக் கயிறே கொலாஜன் என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர்; மறு ஆண்டே அந்த வடிவத்தை மேலும் திருத்தி வெளியிட்டனர். உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் அப்புதிரோடு போராடிக்கொண்டிருந்த காலம் அது. சென்னை மாணவர்கள் அந்தச் செய்தியை இன்னும் சற்று அதிகமாக நினைவில் வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த முப்புரிக் கயிறுதான் நம் கேள்விக்கும் விடை. ஈரத்தோடு கூடிய பச்சைத் தோலை 60, 65 டிகிரிக்குச் சூடாக்கினால் கயிற்றின் முறுக்குகள் அவிழ்ந்து, இழைகள் சுருண்டு, தோல் திடீரென்று சுருங்கிவிடுகிறது. பதனிடுதல் என்பது அந்த முறுக்குகளுக்குக் குறுக்குத் தளை இடுதலே. நம் நாட்டில் தொன்றுதொட்டுச் செய்தது போல ஆவாரம்பட்டை முதலியவற்றால் பதனிட்ட தோல் 75 முதல் 85 டிகிரி வரை ஈரத்தில் தாங்கும். குரோமியம் உப்பால் பதனிட்டது கொதிநீரையும் தாங்கும். உலர்ந்த தோல் இவற்றினும் கூடுதலாகத் தாங்கும். ஆகவே, இந்த முறைக்கென்றே செய்த உலர்ந்த பூட்ஸை 80 டிகிரியில் வைப்பதில் அச்சமில்லை. வியர்வையில் ஊறிய பழைய தோல் பூட்ஸை அதே சூட்டில் வைத்தால், எடுக்கும்போது அது ஒரு குழந்தைக்குத்தான் பொருந்தும்! பசையும் அவ்வாறே: அடித்தட்டை ஒட்டிய பசைகள் பல 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்குகின்றன. ‘சூட்டில் வடிவமைக்கத் தக்கது’ என்று செய்தவர் குறிப்பிடாத எந்தப் பூட்ஸும் அடுப்புக்கு உரியதன்று.

இவ்வளவும் அறிந்தபின்னும் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. அது ஓவனின் முகத்திலிருக்கும் திருகு. அதில் 80 என்று திருப்பிவிட்டால் உள்ளே 80 டிகிரி இருக்கும் என்று நம்புகிறோம். சிறிய, விலை மலிந்த ஓவன்களில் வெப்பத்தை ஆள்வது பெரும்பாலும் ஈருலோகப் பட்டை ஒன்றுதான். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை முதுகோடு முதுகாக ஒட்டிய பட்டை. சூடேறினால் ஒருபுறம் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். எளிய, அழகிய ஏற்பாடு. ஆனால் அது வளைய நேரம் பிடிக்கிறது. அதற்குள் மின்கம்பி செந்தணலாகச் சிவந்து, துண்டித்த பிறகும் கனன்றுகொண்டிருக்கும். ஆகவே 80 என்று வைத்த அடுப்பு 60க்கும் 100க்கும் இடையே ஊஞ்சலாடுவது அரிதன்று. அரைமணி நேரம் வேகும் கேக்குக்கு இந்த ஊஞ்சல் பொருட்டல்ல; ஏறியதும் இறங்கியதும் சமனாகிவிடும். ஆறு நிமிடம் மட்டும் உள்ளே இருக்கும் பூட்ஸுக்கு, அந்த ஆறு நிமிடம் ஊஞ்சலின் எந்த முனையில் அமைகிறது என்பதே வாழ்வும் தாழ்வும்.

இதிலும் ஓர் இடர் உண்டு. காற்றின் சூடு 80 ஆக இருக்கும்போதே, சிவந்த கம்பி தன் கதிர்வீச்சை நேர்க்கோட்டில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கம்பிக்கு எதிரேயுள்ள பூட்ஸின் முகப்பு 80 டிகிரியோடு நிற்காது. அப்பளத்தைத் தணலுக்கு அருகில் காட்டினால் தணலை நோக்கிய புறம் கருகி, மறுபுறம் பச்சையாக இருப்பதில்லையா? அதே கதைதான். ஆதலால் அறிந்தவர்கள், ஓவனைச் சூடாக்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதன் பிறகே பூட்ஸை உள்ளே வைக்கின்றனர்.

பழைய பேக்கரிகளின் செங்கல் அடுப்பை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதனுள் விறகை எரித்து, தணலை வாரிவிட்டு, செங்கல் உண்ட சூட்டிலேயே சுடுவர். அடுப்பு ஆற ஆற வேலை மாறும்: முதற்சூட்டில் ரொட்டியும் பன்னும், தணிந்த சூட்டில் பிஸ்கட், கடைசியில் இரவு முழுதும் உலர்வதற்கு ரஸ்க். சூட்டை அளக்கும் கருவி ஒன்றும் அவர்களிடம் இல்லை. ஒரு பிடி மாவைத் தளத்தில் தூவி, அது எத்தனை விரைவில் சிவக்கிறது என்று பார்ப்பர். தகரச் சுவர் கொண்ட நம் சிற்றோவனுக்குச் செங்கல்லின் நிதானம் கிடையாது. கதவைத் திறந்தால் சூடு பறந்துவிடும். அதற்கு மருந்து, அடித்தட்டில் ஒரு தடித்த ஓட்டையோ கல்லையோ வைத்துக் கால்மணி நேரம் காயவிடுவதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் வெப்பமானி ஒன்றை உள்ளே தொங்கவிடுவதும் ஆகும். திருகைவிட அதை நம்பலாம்.

மைக்ரோவேவ் அடுப்பு இதற்கு உதவாது. அது பொருளிலுள்ள நீரைச் சூடாக்கும் கருவி. உலோகக் கண்ணிகளும் ஆணிகளும் அதில் பொறி கக்கும். உணவு சுடும் ஓவனையே பூட்ஸுக்கும் பயன்படுத்துவதையும் தவிர்த்தல் நலம். சூடு மீறினால் பிளாஸ்டிக் வகைகள் தீய ஆவிகளை விடும், பி.வி.சி. என்னும் வகை கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழும். அது படிந்த அடுப்பில் யாரும் பிறந்தநாள் கேக் சுட விரும்பார்.

விளையாட்டுக்காரர் தம் காலை 80 டிகிரிப் பூட்ஸுக்குள் நுழைக்கும்போது சுடாதா என்ற ஐயம் எழும். நுரையும் துணியும் சிறிதளவு வெப்பத்தையே தாங்கியிருக்கும். அதையும் மெதுவாகவே கொடுக்கும். அதே சூட்டிலுள்ள உலோகக் கண்ணி தொட்டவுடன் சுடும். எனவே உலோகத்தில் படாமல் கால் நுழைத்து, மிதமிஞ்சிச் சுட்டால் ‘ஆ’ என்று காலை எடுத்துவிடுகிறோம். நம்மைக் காப்பது அந்த ‘ஆ’தான். அந்த ஒலி எழாத கால்களும் உண்டு.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளருக்குப் பணியாற்றினார். விரலும் பாதமும் அழிவது நோயின் நேர்ச்செயலன்று, வலி உணர்வு அற்றுப்போனதன் விளைவே என்று அவர் நிறுவினார். முள் குத்தினாலும், செருப்பின் ஆணி உறுத்தினாலும், நாள்தோறும் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தாலும் அவர்கள் அறியார், நடந்துகொண்டே இருப்பர், புண் எலும்புவரை செல்லும். அதனால் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்பான கவனத்தை அவரும் அவருடைய சகாக்களும் செருப்பின்மீது செலுத்தினர். நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் தளம் உடைய செருப்பு, தொழுநோய் மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வந்தது.

அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்து வருவது. எடையைக் குறைக்க முடியாது, பரப்பைக் கூட்டலாம். பாதத்தின் மேடு பள்ளங்கள் அனைத்தும் தளத்தோடு ஒட்டியிருந்தால், புடைத்த எலும்பு ஒன்றே முழு எடையையும் தாங்க நேராது. அவ்வாறு ஒட்டச் செய்யும் வழிகளுள் ஒன்று, சறுக்கு பூட்ஸுக்குச் செய்வதே. பாலிஎதிலீன் நுரைப்பாளம் ஒன்றைச் சிறிய ஓவனில் சுமார் 140 டிகிரிக்குச் சில நிமிடம் சூடாக்கி, மெத்தென்ற திண்டின்மேல் இட்டு, காலுறை அணிந்த பாதத்தை அதன்மேல் ஊன்றச் செய்தால், ஓரிரு நிமிடத்தில் பாதத்தின் அச்சு பதிந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பாதத்துக்குரியவர் ‘சுடுகிறது’ என்று சொல்லமாட்டார். அடுப்பிலிருந்து எடுத்த பாளத்தின் மேற்புறம் போதிய அளவு ஆறியிருக்கிறதா என்பதை, வேலை செய்பவர் முதலில் தம் முன்கையில் வைத்துப் பார்த்தே தீரவேண்டும். ஓவனின் திருகு கூறும் எண்ணை நம்பி அந்தக் காலை வைக்கச் சொல்லலாகாது.

இத்தகைய கால்கள் தொழுநோயாளரிடம் மட்டும் இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர் என்று மதிப்பிட்டது. அவ்வாய்வில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்றனர். நெடுநாள் நீரிழிவில் பலருக்குப் பாத நரம்புகள் மரத்துவிடுகின்றன. அவர்களுக்கான காலணிகளைப் பற்றி அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையமும் ஆராய்ந்திருக்கிறது. உங்கள் வீட்டிலேயே பாட்டனாரோ பெரியப்பாவோ அத்தகைய காலணி அணிபவராக இருக்கக்கூடும்.

இளம்பிள்ளை வாதத்தாலும் மூளை வாதத்தாலும் பாதம் தொங்கிப்போன குழந்தைகளுக்குச் செய்யும் தாங்கியும் ஓவனிலிருந்தே வருகிறது. பாலிபுரொப்பிலீன் தகடு அடுப்பினுள் பால்போல் வெண்மையாக நுழையும். சூடேறி இளகும் தருணத்தில் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். கைதேர்ந்தவர் கடிகாரத்தைப் பாராமல் அந்தத் தெளிவைப் பார்த்தே எடுத்து, குழந்தையின் காலைப்போல் வார்த்த சுண்ணச் சாந்து வடிவத்தின்மீது போர்த்துவார். ஆறும்போது தகடு மீண்டும் வெண்மையாகும்.

புதிய தளம் பொருத்திய செருப்பை மரத்த பாதத்தில் முதல் நாளே முழுநேரம் அணிவிப்பதில்லை. ஒரு மணி நேரம் நடக்கச் செய்து, கழற்றி, பாதத்தைப் பார்க்கின்றனர். எங்கேனும் சிவந்திருந்து அச்சிவப்பு அரைமணியில் மறையவில்லையானால், அந்த இடத்தில் தளம் இன்னும் அழுத்துகிறது என்று பொருள். பாளம் மீண்டும் ஓவனுக்குச் செல்லும். வெல்லப்பாகின் சாதியாதலால் அது மறுபடி இளகும். வீட்டில் அவர்கள் இரவுதோறும் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, அடிப்புறத்தைப் பார்த்துக்கொள்கின்றனர்.